ஆனி மாதத்துக் கிறிஸ்துமஸ்

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆனியிலேயே வந்துவிடுகிறது. ஐரோப்பியக் கடைகளில் அக்டோபர் கடைசியில் தொங்க வேண்டிய பனியன், தூத்துக்குடியில் கப்பலேறி வாரக்கணக்கில் கடலில் போக வேண்டும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் நாள் இன்னும் கூடியது. ஆகவே தை, மாசியில் டிசைன் பேச்சு, சித்திரையில் சாம்பிள், ஆனி, ஆடியில் பிரிண்டிங். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும் அந்த நாட்களில் 15 வேலம்பாளையம் என்ற பகுதிக்குப் போனால், பிரிண்டிங் பட்டறைக் கொடிகளில் பனிமனிதர்களும் கலைமான்களும் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. பக்கத்து அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போனது. ஒரு தெருவில் பித்தளை தட்டும் சத்தம், அடுத்த தெருவில் ஓவர்லாக் மெஷின் சத்தம். நான் போன பட்டறை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஃபேஷன் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் அங்கே பயிற்சிக்கு வந்திருந்தார்கள். குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் இரவு உடுப்பு வரிசைக்குக் கூடுதலாகச் சில டிசைன்களை, ஆர்டர் தரும் பையர் கேட்டிருந்தார். அதுதான் அவர்களிடம் வந்திருந்த வேலை.

வேலையை அவர்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரைகிறார், ஒருவர் கலர் பிரிக்கிறார், ஒருவர் இரண்டு வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் படத்தின் அளவையும், கழுத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும் என்பதையும் குறிக்கிறார், நான்காமவர் பிரிண்டிங் மாஸ்டரோடு டேபிளில் நிற்கிறார். எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த நான்காவது வேலைதான்.

அன்றைக்குக் கலைமான் கொம்பு மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் பத்துக்கு மேல் கலர், கொம்பில் மயிரிழைக் கோடுகள். மாஸ்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகாத்தான் இருக்குது அம்மணி. ஆனா இந்தக் கோட்டுக்கு மெஷ்சுல மை எறங்காது. எறங்குனாலும், கொழந்தை ஒருக்கா மாட்டிக் கழட்டுனா துணி இழுத்து வெடிச்சுப் போகுமில்ல?" என்றார். பின்னல் துணி இழுபடும். அதன் மேல் நிற்கும் மையும் கூடவே இழுபட வேண்டும். "ஏனுங்கண்ணா, கலரையும் கொறைக்கணுங்களா?" என்று வரைந்த மாணவி கேட்டார். ஒரு கலருக்கு ஒரு ஃபிலிம், ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு பீஸிலும் ஒரு இழுப்பு. பத்தாயிரம் பீஸுக்கு ஒரு கலர் குறைந்தால் பத்தாயிரம் முறை ஒருவருடைய தோள் மிச்சம். இந்தக் கணக்கைக் கேட்டபின் மாணவர்கள் உட்கார்ந்து ஆறு கலரில் முடித்தார்கள். படம் முன்பைவிடத் தெளிவாகவே வந்தது.

சிவப்புத் துணியில் வெள்ளைப் பனி அடிப்பது இன்னொரு பாடம். வெள்ளை ஒரே இழுப்பில் நிற்காது. அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்து ரோஸ் ஆகிவிடும். முதலில் ஒரு வெள்ளை, அது காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு வெள்ளை. நீண்ட டேபிளில் பசை தடவி ஒட்டிய கட்டிங் பீஸ்களின் மேல் ஸ்கிரீனை வைத்து, எடுத்து, அடுத்ததில் வைத்து, இரண்டு பேர் நடந்துகொண்டே இருக்கிறார்கள். முனையிலுள்ள குறியில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி கன்னத்தில் ஏறிவிடும். பிறகு க்யூரிங் மெஷினில் சுமார் 150 டிகிரி சூடு. ஆனியிலும் அந்த ஷெட்டுக்குள் சட்டை நனைந்துவிடுகிறது. வெளியே வரும் மாதிரி அச்சை (ஸ்ட்ரைக் ஆஃப்) இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே பையருக்கு அனுப்புகிறார்கள்.

இந்தப் பண்டிகையின் முகமே அச்சுக்காக வரைந்தவர்கள் தந்ததுதான். 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் கேட்டு, ஜான் ஹார்ஸ்லி வரைந்தது முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழுக்காகத் தாமஸ் நாஸ்ட் வரைந்த தாத்தாவை, 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்களில் ஹேடன் சண்ட்ப்ளம் குண்டுக் கன்னத்தோடு உலகமெங்கும் பரப்பினார். எல்லோரும் பிறர் கேட்டு வரைந்த ஓவியர்கள். அந்த வரிசையில் வேலம்பாளையத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

நம்பிக்கைக்குக் காரணம் அந்தப் பெண் வரைந்த பனித்துகள். பனித்துகளுக்கு ஆறு கை. ஏழு புள்ளி வைத்து நான்கு வரை இடைப்புள்ளிக் கோலம் போட்டால் அறுகோணம் வரும். நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு. மார்கழியில் அம்மாவோடு வாசலில் போட்ட அந்த 37 புள்ளிகளின் மேலேயே அவர் பனித்துகளை வரைந்திருந்தார். கோடு கோலமாவின் தடிமனில் இருந்ததால் மெஷ்சிலும் சுத்தமாக இறங்கியது. பனியே பார்க்காத ஒருவர் வரைந்த பனி. மாஸ்டர் எடுத்துப் பார்த்து, "இது நம்மூட்டு வாசல்ல இருக்கறதுதானே கண்ணு" என்று சிரித்தார். பையரின் கோப்பில் இருந்த எந்தப் பனித்துகளையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

இப்படி டிசைன் இங்கேயே பிறப்பது ஊரின் பிழைப்புக்கும் தேவை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்போது இங்கிருந்து போன சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான். தையல் கூலியை மட்டும் விற்றால், நாலு காசு குறைவாகக் கேட்கும் வேறு நாட்டுக்கு ஆர்டர் போய்விடும். டிசைனும் இங்கேயே பிறந்தால் அவ்வளவு எளிதில் போகாது. ஏற்றுமதியாளர் சங்கம் 1997-லேயே நிஃப்ட்-டீ என்ற ஃபேஷன் கல்லூரியைத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த யோசனையும் இருந்திருக்க வேண்டும். கல்லூரி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், முப்பது வருடம் டேபிளில் நின்ற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே இடத்தில் நின்று வேலை பார்ப்பதுதான் குறைவு.

அந்தப் பட்டறையில் எனக்குக் காட்டிய காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், வெட்டித் தைக்கும் கூலியான சி.எம்.டி., பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. டிசைனுக்கு வரிசை இல்லை. முதலாளிமார்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அந்த ஷீட்டில் டிசைனுக்கும் ஒரு வரிசை போடுங்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஏ.சி. அறையில் மட்டும் உட்கார வைக்காமல் டேபிளுக்கும் அனுப்புங்கள். டிசைன் தேர்வானால் வரைந்த பிள்ளையின் பெயரையும், அதைத் துணியில் நிற்க வைத்த மாஸ்டரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். கூலியையும் அதற்கேற்பக் கொடுங்கள்.