அத்தாவின் குரல்

அத்தா மறைந்தபின் அவர்களின் குரல் எங்கள் இல்லத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு குறுந்தகட்டில்தான். தங்கையின் நிக்காஹ்வின்போது பதிந்தது. சென்ற திங்கள் அதனைக் கேட்க விழைந்தேன். புதிய கணினியில் தகட்டை இடுவதற்கு வழியே இல்லை. திருச்சிக் கடைவீதியில் விசாரித்தபோது, "இதெல்லாம் இப்ப யாரு பாய் வாங்குறாங்க?" என்றார் கடைக்காரர்.

அவ்வேளை மோசர் பேயரின் நினைவு வந்தது. 1983-இல் நேரம் பதியும் கருவிகளோடு தொடங்கிய இந்திய நிறுவனம் அது. பின்னர் பிளாப்பி, குறுந்தகடு, டிவிடி எனக் காலத்தோடு மாறி வளர்ந்து, உலகின் பெரிய தகட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாயிற்று. தமிழ்த் திரைப்படங்களை மலிவு விலைத் தகடுகளாக நம் வீடுகளுக்குக் கொணர்ந்ததும் அதுவே. பென்டிரைவும் இணையமும் பரவியபின் தகடுகளுக்குத் தேவை குன்றியது, சூரிய ஒளி மின்சாரத் தொழிலில் இட்ட முதலும் கைகொடுக்கவில்லை, கடன் மிகுந்தது. 2018-இல் நிறுவனத்தைக் கலைக்குமாறு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

மறுநாள் காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சென்றேன். உத்தர வீதியில் வாழும் பள்ளித் தோழர் பரணிலிருந்து தம் பழைய கணினியை இறக்கினார். தகடு சுழன்றது. "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள் அத்தா. நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

அன்றே அதனை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தோம். செய்தவர்களே நிலைக்காதபோது, செய்த பொருளை மட்டும் நம்பி இருத்தலாகாது. அன்பர்களே, உங்கள் பரணிலும் இத்தகைய தகடு ஒன்று இருக்கக்கூடும். அதைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே எடுத்துக் கேட்டுவிடுங்கள்.