எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

மார்கழியில் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்க்க வேண்டும். பனியில் மஞ்சள் விளக்கோடு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மப்ளர் சுற்றிய ஆட்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக ஏறிக்கொண்டே இருப்பார்கள். அதே பஸ்ஸிலிருந்து நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் சிவந்த கண்ணோடு இறங்கி நேராக டீக்கடைக்கு வருவார்கள். மாஸ்டருக்கு நாலு பாஷை வேண்டியிருக்கிறது. தருமபுரிக்காரருக்குத் தமிழ், பாகலூர்க்காரருக்குத் தெலுங்கு, அத்திபெலேயிலிருந்து வருகிறவருக்குக் கன்னடம், புதிதாகச் சேர்ந்த வடக்கத்திப் பையன்களுக்கு இந்தி. காசு வாங்கும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷை: “சில்லறையா குடுங்க, ஜிபே இல்லைன்னா.”

இத்தனை தொழிற்சாலைகள் ஏன் இந்த ஊருக்கு வந்தன என்று முதன்முறை வருகிறவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இங்கே நிலக்கரி கிடையாது, இரும்புத்தாது கிடையாது. துறைமுகம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில். ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1909-இல் ஒரு கணக்குச் சொன்னார். மூலப்பொருளைக் கொண்டுவரவும் சரக்கை அனுப்பவும் ஆகும் செலவு எங்கே குறைவோ, ஆலை அங்கே போய் உட்காரும் என்பது அதன் சாரம். சுண்ணாம்புக்கல் இருப்பதால் அரியலூரில் சிமெண்ட், கரும்பு விளையும் இடத்தில் சர்க்கரை ஆலை. பத்து டன் கரும்பைப் பிழிந்தால் ஒரு டன் சர்க்கரை தேறும். மீதி ஒன்பது டன்னை யார் ஊர் ஊராகச் சுமப்பது? ஆனால் ஒரு கைக்கடிகாரத்தின் எடை என்ன? அதற்குள் இருக்கும் இரும்புக்காகவும் பித்தளைக்காகவும் யாரும் ஊர் தேட மாட்டார்கள். அதைப் பூட்டத் தெரிந்த விரல்களைத்தான் தேடுவார்கள்.

அந்த விரல்கள் பெங்களூரில் இருந்தன. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் எச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டி, பிஇஎல் என்று பொதுத்துறை ஆலைகள் அங்கே வரிசையாக வந்தன. ஒரு தலைமுறைக்கே லேத்தும் மைக்ரோமீட்டரும் பழக்கமாகிவிட்டன. அங்கிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே போகும் கோடு இன்று நேற்றுப் போட்டதில்லை. திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே நின்ற எல்லை, பிறகு இரண்டு மாநிலங்களின் எல்லையாயிற்று. ஓசூர் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அதுதான் அதன் அதிர்ஷ்டம். அன்று ஓசூர் இருந்த தருமபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கியது என்று பட்டியலில் இருந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்துக்கு முதலீட்டு மானியமும் வரிச்சலுகையும் உண்டு. 1971-இல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, கரண்டும் தண்ணீரும் இழுத்து, மனைகளாகப் பிரித்து வைத்தது. அரசாங்கப் பதிவேட்டில் பின்தங்கிய ஊர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பெங்களூர். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம், சித்திரையிலும் சென்னைபோல வேகாத வெயில் என்பதையும் காரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் குளுமைக்காக மட்டும் ஆலை வருமென்றால் ஏற்காட்டில் அல்லவா லாரி செய்துகொண்டிருப்பார்கள்!

டைட்டன் கதையைப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது. அரசு மானியம் தந்ததோடு நிற்காமல் பங்காளியாகவே உள்ளே வந்தது. இன்றைக்கும் டைட்டனில் டாடா குழுமத்தைவிட டிட்கோவின் பங்கு சற்று அதிகம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கடிகாரத் தொழில் தெரிந்த முக்கியமான சிலர் பெங்களூர் எச்எம்டியிலிருந்து வந்தார்கள். வேலைக்கு எடுத்ததோ பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளி முடித்த பையன்களையும் பெண்களையும். கடிகாரத்தின் உட்புறத்தையே பார்த்திராதவர்கள். இடுக்கியால் மயிரிழைத் திருகாணியைப் பிடித்து வைக்கும் வேலைக்கு முன் அனுபவம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். தொழில் அறிந்த தலைகள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கற்கத் தயாரான கைகள் இந்தப் பக்கத்திலிருந்து. ஆலை ஓசூரில் நின்றது, தலைமை அலுவலகம் பெங்களூரில். இந்தப் பாகப்பிரிவினையைத்தான் பின்னால் வந்த பலரும் பின்பற்றினார்கள்.

1980 வாக்கிலேயே அசோக் லேலண்டின் லாரியும் டிவிஎஸ்ஸின் ஐம்பது சிசி மொபெட்டும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கிவிட்டன. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதன் நிழலில் நூறு சின்னப் பட்டறைகள் முளைக்கும். ஓசூரின் உண்மையான பலம் அந்தப் பட்டறைகளில்தான் இருக்கிறது என்பேன்.

தகரக்கூரை போட்ட ஒரு பட்டறைக்கு நண்பர் அழைத்துப் போனார். இரண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத், மூலையில் சாமி படம், அதன் கீழே ஊதுபத்தி வாசனையோடு கட்டிங் ஆயில் வாசனை. பட்டறைக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் பதினெட்டு வருஷம் பர்மனெண்டாக இருந்து, வெளியே வந்து, கடன் வாங்கித் தொடங்கியவர். இரண்டு சக்கர வண்டிக்கான ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தார்கள். கடைந்து விழும் புஷ்ஷை எடுத்துத் துடைத்து, இரண்டு முனையுள்ள ஒரு உருளைக் கேஜை அதன் துளைக்குள் விட்டுப் பார்த்தார் ஒரு பெண். பச்சை முனை வழுக்கிக்கொண்டு போயிற்று. திருப்பினார். சிவப்பு முனை வாயிலேயே நின்றது.

“ஒரு முனை போகணும்ணே, இன்னொண்ணு போகக் கூடாது. ரெண்டும் போனா ரிஜெக்ட், ரெண்டும் போகலைன்னா மறுபடி மிஷினுக்கு,” என்றார் பட்டறைக்காரர். “டிராயிங் மத்தியானம் மெயில்ல வந்தா ராத்திரிக்குள்ள சாம்பிள் குடுத்துடுவோம். கம்பெனி கேட்டு ரெண்டு கிலோமீட்டர்தானே.”

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஈடாக எந்த அரசும் சலுகை கொடுத்துவிட முடியாது. இன்சர்ட் உடைந்தால் பக்கத்துத் தெருவில் கடை, மிஷின் நின்றால் அரைமணியில் மெக்கானிக், ஆள் வேண்டுமென்றால் டீக்கடையில் ஒரு வார்த்தை.

ஆனால் சலுகைக்கு வந்தவன் சலுகைக்காகப் போகவும் செய்வான். உத்தரகண்டிலும் இமாச்சலிலும் வரிவிலக்கு கிடைத்த காலத்தில் டைட்டன் ரூர்க்கியிலும் பந்த்நகரிலும் கிளை தொடங்கியது. டிவிஎஸ் இமாச்சலின் நாலாகட்டுக்குப் போயிற்று. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் பெங்களூரிலிருந்து தன் ஆலையை ஓசூருக்கு மாற்றியபோது இங்கே கொண்டாடினோம், அங்கே புலம்பினார்கள். அடுத்த ஆலைக்கு அது மகாராஷ்டிரத்தின் சத்ரபதி சம்பாஜிநகரைத் தேர்ந்தெடுத்ததாக 2024-இல் அறிவித்தபோது புலம்பல் முறை நம்முடையது. இடையில் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஐந்நூறு ஏக்கர் ஆலை, திம்ஜேப்பள்ளியில் ஐபோனுக்கு வெளிக்கூடு செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகளின் அளவே மாறிவிட்டது. இவை தேடுவது பழைய கணக்கில் இல்லாதவை: ஒரே இடத்தில் பல நூறு ஏக்கர், ஒரு நொடியும் தடுமாறாத மின்சாரம், ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள், அவர்கள் தங்க விடுதி. ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ராகிக் களி ஊரில் லிட்டி சோக்கா கடை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் பக்கத்தில் இருப்பதற்கு வாடகையும் உண்டு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை அந்த நகரத்தின் கழிவை வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது மதகில் வெள்ளை நுரை மலையாகப் பொங்குகிறது. காற்றடித்தால் வயலுக்கும் ரோட்டுக்கும் பறக்கும். குடிதண்ணீருக்கு ஒகேனக்கலை நம்ப வேண்டியிருக்கிறது. 2019-இல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. ஒற்றை அறை வாடகையும் மாநகராட்சி ஆகிவிட்டது. ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் காண்ட்ராக்ட் என்று அடையாள அட்டையின் பட்டி நிறத்தைப் பார்த்தே டீ மாஸ்டர் சொல்லிவிடுவார். கடன் கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இப்போது எல்லோர் வாயிலும் விமான நிலையம். இரண்டாயிரம் ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கு ஒன்று ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். குறுக்கே நிற்பது மறுபடியும் பெங்களூர்தான். அங்குள்ள விமான நிலையத்துக்குக் கொடுத்த ஒப்பந்தப்படி, மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டியாக இன்னொன்று வரக் கூடாது. இத்தனை நாள் ஓசூருக்குச் சோறு போட்ட அதே தூரம் இங்கே கதவைச் சாத்துகிறது.

இது ரோஜாத் தோட்டக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆலை வருவதற்கு வெகுமுன்பே இந்த மண்ணுக்கும் குளிருக்கும் பூவும் காய்கறியும் பழக்கம். பசுமைக்குடில் ரோஜா பிப்ரவரி 14-க்காக வெளிநாடு போகிறது. ஜனவரி கடைசியில் ஒரு பேக்கிங் கொட்டகையில் பார்த்தேன். விடியுமுன் வெட்டிய மொட்டுகளைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாக அட்டை சுற்றிக் கட்டி, குளிர்வண்டியில் ஏற்றினார்கள். தேவனஹள்ளி விமான நிலையம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். நடுவே மொத்தப் பெங்களூரும் கிடக்கிறது. எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று டிரைவரிடம் கேட்டேன்.

“சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டிட்டு போன் பண்றேன் சார்,” என்றார்.