வரிசை எண் 4,83,217

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

பகல் 12 மணிக்கு விற்பனை. தங்கை மகள் ஒன்பதுக்கே வந்து, என் லேப்டாப்பையும் அவள் போனையும் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டாள். ஜனவரியில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் கச்சேரி. 2016-ல் அவர்கள் மும்பைக்கு வந்தபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை. “2,500 கிடைச்சாப் போதும் பெரியம்மா, ட்ரெயின்ல நின்னுக்கிட்டே போயிடுவேன்.”

பன்னிரண்டுக்கு முன்பே டிக்கெட் தளம் படுத்துவிட்டது. எழுந்ததும் எண் கொடுத்தது. காலையிலிருந்து காத்துக்கிடந்த லேப்டாப்புக்கு 4,83,217. அவள் போனுக்கு ஒன்பது லட்சத்துச் சொச்சம். 11.50-க்கு வந்து, கோல்ட்ப்ளே என்றால் ஐஸ்க்ரீம் கடையா என்று கேட்ட என் தங்கையின் போனுக்கு 61 ஆயிரம்!

“யாரும் ஸ்க்ரீனைத் தொட்டுடாதீங்க.” தொடவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது. 61 ஆயிரம் மெல்ல இறங்கி இருபதாயிரத்துக்கு வந்தபோது எல்லாம் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. புதிதாகச் சேர்த்த மூன்றாவது நாளும் போயிற்று. அவள் சாப்பிடாமல் கிளம்பினாள்.

செப்டம்பர் 28, சனி

அன்றைக்கு முண்டியடித்தவர்கள் ஒரு கோடிக்கும் மேலாம். கிடைக்காததில் வியப்பில்லை. வேறு தளங்களில் அதே டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள்; அதைப் பற்றி எழுதினால் ரத்தக்கொதிப்புதான் ஏறும்.

என்னை உறுத்துவது அந்த எண். இந்த மாதிரி விற்பனைகள் பலவற்றில், நேரத்துக்கு முன்பே வந்து காத்திருப்பவர்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கித்தான் எண் கொடுக்கிறார்களாம். எந்திரங்களை முன்கூட்டியே ஏவிவிடுபவர்களுக்கு ஆதாயம் கிடைக்கக்கூடாது என்பதற்காக. நல்ல காரணம்தான். ஆனால் குலுக்கல் என்று சொல்லிவிட்டுக் குலுக்கலாமே, எதற்கு வரிசை என்று பெயர்? வியன்னா பில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரிக்கு முந்தைய பிப்ரவரியிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். சீட்டு விழுந்தால் இடம். ஒளிவுமறைவு இல்லை.

உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. சபையைக் கூட்டி, பெயர் எழுதிய ஓலைகள் போட்ட குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக்கூடாது! என் 4,83,217-ஐ எந்தக் கை எந்தக் குடத்திலிருந்து எடுத்ததோ.

நவம்பர் 16, சனி

கோல்ட்ப்ளேயின் அகமதாபாத் கச்சேரிக்கு இன்று விற்பனை. லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் கிரிக்கெட் மைதானம். இந்த முறை என் போனுக்கே நல்ல எண். இடம் தேர்ந்தாயிற்று, கார்டு எண் போட்டாயிற்று. ஓடிபி வரவில்லை. திரையில் நேரம் 40, 39 என்று இறங்கிக்கொண்டிருக்க, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் முடிந்து இடம் கைவிட்டுப் போன பிறகு ஓடிபி வந்தது. ஆறு இலக்கங்கள். சும்மா ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மார்கழிக் குளிரில் நாலே முக்காலுக்கு சபா வாசலில் நின்றேன். எனக்குப் பிடித்த பாடகர், சாயங்காலக் கச்சேரி. முன்வரிசைகள் உறுப்பினர்களுக்கும் புரவலர்களுக்கும் போக, மிச்சம்தான் கவுன்ட்டருக்கு வரும். எனக்கு முன்னால் 34 பேர். எண்ணிப் பார்க்க முடிந்தது. ஒரு துணிப்பையும் ஒரு ஜோடிச் செருப்பும் ஆள் இல்லாமலே வரிசையில் நின்றன. யாரும் ஆட்சேபிக்கவில்லை. செருப்புக்குச் சொந்தக்காரர் ஆறு மணிக்குக் காபி வாசனையோடு திரும்பி வந்து அதற்குள் நுழைந்துகொண்டார்.

எனக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது கவுன்ட்டர் ஜன்னல் மூடிக்கொண்டது. திரும்பி நடந்தேன். மஃப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர், போனைக் காதிலிருந்து எடுத்தபடி, “ஒண்ணு கூடுதலா இருக்கு, வேணுமா? ஆத்துல அவளுக்கு ஜுரமாம்” என்றார். வாங்கிய விலைதான். நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை. “சாயங்காலம் கேன்டீன்ல ஒரு காபி வாங்கிக் கொடுத்துடுங்கோ.”

காபி, கூடவே கீரை வடையும் வாங்கிக் கொடுத்தேன். அவரும் 34 பேரில் ஒருவர். மூன்று மணி நேரம் அவர் மஃப்ளரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தோடியைக் கேட்கும்போது பக்கத்து நாற்காலியில் அவர் தொடையில் தாளம் போட்டார், கொஞ்சம் தப்பாக.

2025 ஜனவரி 26, ஞாயிறு

அகமதாபாத் நிகழ்ச்சியை நேரலையில் காட்டினார்கள். தங்கை மகள் என் வீட்டுச் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கூடவே பாடினாள். மைதானம் முழுக்க மணிக்கட்டுப் பட்டைகள் ஒரே சமயத்தில் மஞ்சளாகி, நீலமாகி மினுங்கின. கேமரா கூட்டத்துக்குள் போனது. அழுகிற பையன், அப்பா தோள் மேல் ஒரு குழந்தை, என் வயசில் ஒரு அம்மா.

“இதுல யாரு பெரியம்மா நமக்கு முன்னாடி நின்னவங்க?”

நானும் குனிந்து தேடினேன். அதற்குள் கேமரா மேடைக்குத் திரும்பிவிட்டது.