இனிக்காத ஒயின்

மட்டாஞ்சேரியில் ஒயின் என்றால் இனிக்க வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்காகப் பரணியில் திராட்சையும் சர்க்கரையும் பட்டை, கிராம்போடு ஊறும். 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த யூதர்கள், சடங்குகளுக்காக உலர்ந்த திராட்சையில் ஒயின் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட, அந்த ருசியும் தெருவை விட்டுப் போயிற்று.

அந்த ஊரில் ஒரு நண்பர் வீட்டில் ஜெர்மன் ரீஸ்லிங் பாட்டில் திறந்தார்கள். லேபிளில் 'ட்ரோக்கன்'. சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டாத வகை. ஆண்டுதோறும் தன் கையால் ஒயின் போடும் நண்பரின் அம்மா ஒரு வாய் பருகி, "புளித்துப்போய்விட்டது" என்று தீர்ப்பளித்தார்.

எனக்கு அப்படிப் படவில்லை. மூக்கில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். (வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடைகூட வரும். ரசிகர்கள் அதைச் சிலாகிப்பார்கள்!) ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசனை தெரியாது. பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். கொச்சி வெக்கையில் அது சோதனைதான்.

பிறகு கரிமீன் பொள்ளிச்சது வந்தது. எண்ணெயையும் மசாலாவையும் அந்தப் புளிப்பு நாக்கிலிருந்து துடைத்தெடுக்க, ஒவ்வொரு வாயும் முதல் வாய் போல ருசித்தது. இனிப்பு ஒயினால் இது முடியாது. குடம்புளி போட்டு மீன் குழம்பு வைக்கும் ஊருக்கு இந்தப் புளிப்பு ஏன் அந்நியமாக வேண்டும்?

அம்மாவும் இரண்டாவது கிளாஸ் கேட்டார். ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு.