நின்ற இடத்தில் நடுங்கும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் றோட்டில், ஒரு வளைவில் இன்று வண்டி நின்றுபோனது. மேலேயிருந்து கொழும்பு பஸ் இறங்கி வந்தது. வழிவிட்டு ஒதுங்கி, பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். எஞ்சின் நாலைந்து தரம் குலுங்கியது, ஒருமுறை இருமியது, அடங்கிவிட்டது. பின்னால் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். "என்ன தம்பி, நின்னுருச்சா?" என்று அந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது தரம் பிடித்துக்கொண்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தேன். இரவு போன் வந்தது: பெண் பிள்ளை, இருவரும் சுகம். மனம் நிறைந்தது. ஆனாலும் அந்த வளைவை நினைத்தால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. காரணம் தெரியும்வரை இந்த வண்டியில் யாரையும் ஏற்றுவதில்லை. பார்ப்பதையெல்லாம் இந்தக் கொப்பியில் எழுதி வைக்கப் போகிறேன்.

ஜூன் 4, புதன்

வண்டி 1978-ஆம் ஆண்டு லாண்ட் றோவர், சீரிஸ் 3. 109 அங்குல வீல்பேஸ், 2,286 சி.சி. பெற்றோல் எஞ்சின், ஒரே ஒரு செனித் கார்புரேட்டர். அப்பா இதைத் தோட்டத்து வண்டியாக ஓட்டியவர். 1992-இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன்பின் பழைய வண்டிகளை ஒவ்வொன்றாகக் கழித்தபோது, சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு இதை வாங்கினார். லயத்தில் யாருக்கு நடுராத்திரியில் நோவு கண்டாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா போன பிறகும் அந்தத் தட்டல் நிற்கவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்து பொனட்டைத் திறந்தேன். எஞ்சின் பக்கவாட்டில் ஆடியது. அந்த ஆட்டத்தில் ஒரு தாளம் இருந்ததுதான் முக்கியம். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால் நாலு சிலிண்டரும் சேர்ந்து 1,200 தடவை வெடிக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு ஐந்து. அவற்றில் ஒன்று மட்டும் விடாமல் தவறினால், நாலு பேர் நடக்கும்போது ஒருவர் நொண்டுவது போல ஒழுங்கான இடைவெளி கேட்கும். காற்றிலோ பெற்றோலிலோ கோளாறு என்றால் அந்த ஒழுங்கு இருக்காது, தோன்றியபடி குலுங்கும். சைலன்சர் வாய்க்கு நேரே கையை நீட்டினேன். மூன்று மூச்சு, ஒரு வெறுமை. மறுபடி மூன்று மூச்சு, ஒரு வெறுமை. இந்த மிஸ்ஸிங் ஒரே சிலிண்டருடையது.

ஐட்லிங் ஸ்க்ரூ நன்றாக உள்ளே திருகப்பட்டிருந்தது. போன வருஷம் லேசாக நடுங்கியபோது ஒரு கராஜில் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். நடுக்கம் மறைந்தது, நானும் நம்பிவிட்டேன். இன்று அதைப் பழையபடி இறக்கி வைத்தேன். நோயின் குரல் கேட்க வேண்டுமென்றால் முதலில் வாய்க்கட்டை அவிழ்க்க வேண்டும்.

ஜூன் 7, சனி

எஞ்சின் ஓடும்போதே ரப்பர் கைப்பிடிப் பிளையரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சின் உடம்போடு சேர்த்துப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, நாலு ஆகியவற்றைக் கழற்றும்போது எஞ்சின் சட்டென்று தளர்ந்தது. மூன்றைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினால் வேலை குறையாது.

மூன்றாவது பிளக் கறுத்து, பெற்றோலில் நனைந்திருந்தது. மற்ற மூன்றும் நல்ல பழுப்பு. ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு பிளக்கோடு நகர்ந்திருந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லை, மூன்றிலேயே நின்றது.

இருட்டும்வரை காத்திருந்தேன். வாசல் லைட்டை அணைத்து, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் வயர்களின் மேல் பனித்துளி மாதிரித் தெளித்தேன். மூன்றாவது வயரின் நடுவே நீல நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு, வெடித்துப்போன ரப்பர் வழியாக வெளியே வந்து பக்கத்து இரும்பில் பாய்ந்துகொண்டிருந்தது. வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த ஈரத்தில் கீறல் விழுந்த வயர் எப்படித் தாங்கும்?

வயர் செட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் புதிதாகப் போட்டேன். பொயின்ட் இடைவெளியை 0.40 மி.மீ. வைத்தேன். தாளம் போய்விட்டது. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது.

ஜூன் 8, ஞாயிறு

நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. ஹட்டன் டவுனுக்குத் தனியாக ஓட்டிப் போனேன். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தியில் கும்பல். பிரேக்கை அமர்த்திக்கொண்டு நின்றபோது மறுபடி குலுக்கல். அணையவில்லை, ஆனால் அணையப் பார்த்தது. இந்த முறை தாளம் இல்லை. ஒழுங்கில்லாமல், மூச்சு முட்டுகிறவர் மாதிரித் திணறியது.

வீட்டுக்கு வந்து வாசலில் அரைமணி நேரம் ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. பக்கத்திலேயே நின்று காது கொடுத்தேன். றோட்டில் நடுங்குகிற வண்டி வாசலில் ஏன் நடுங்கவில்லை?

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை. மழை விட்டிருந்தது. இருக்கிற சந்தேகங்களை வரிசையாகத் தீர்த்தேன்.

டெப்பட்: இந்த எஞ்சினில் எட்டு வால்வு. அப்பா சொல்லித்தந்த ஒன்பதுக் கணக்கு இன்றும் உதவியது. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி எல்லாவற்றுக்கும் 0.25 மி.மீ. இரண்டு வால்வு மட்டும் சற்று இறுகியிருந்தது, சரிசெய்தேன்.

கம்ப்ரஷன்: 118, 120, 116, 119. எண் பெரிதா சிறிதா என்பதைவிட நாலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. ஒத்துப்போகிறது. வால்வும் ரிங்கும் சுகம்.

கார்புரேட்டர்: இந்த செனித்தின் மேல்மூடி சூட்டில் வளைந்துவிடும் குணமுள்ளது. கழற்றி இரும்பு அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். இடையில் ஒளி கசியவில்லை. ஐட்லிங் துவாரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ரப்பர் வளையத்தை மாற்றிப் பூட்டினேன்.

சாயந்தரம் கராஜ் பாஸ் வந்தார். அப்பாவோடு ஒன்றாக வேலை செய்தவர். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க வண்டிய நிப்பாட்டி வச்சுத்தான பார்க்கிறீங்க தம்பி. அது நின்னுபோன எடத்துல நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல பாஸ். சும்மாதான் நின்னேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லி, தன்னுடைய வெக்யூம் கேஜை வைத்துவிட்டுப் போனார்.

படுக்கும் முன் இந்தக் கொப்பியைப் புரட்டினேன். 3-ஆம் திகதி என் கையெழுத்திலேயே இருக்கிறது: பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். 8-ஆம் திகதியும் அதுவே: பிரேக்கை அமர்த்திக்கொண்டு நின்றபோது. சும்மா நிற்கவில்லை நான். வாசலில் பார்க்கும்போதுதான் என் கால் பெடலில் இல்லை. நான் பொனட்டுக்கு முன்னால் நின்றேன்.

ஜூன் 11, புதன்

விடியும்வரை பொறுக்க முடியவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, மேனிபோல்ட்டில் கேஜைப் பொருத்தினேன். முள் 15 அங்குலத்தில் அசையாமல் நின்றது. கடலோரத்தில் நல்ல எஞ்சின் 18, 20 காட்டும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால், 300 மீட்டருக்குச் சுமார் ஒரு அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். ஹட்டன் 1,271 மீட்டர் உயரம். அப்படியானால் இங்கே 15 நல்ல எண்தான்.

ஸ்கூலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

"பிரேக்கை மிதிம்மா. நான் சொல்லும்வரை எடுக்காத."

மிதித்தாள். முள் 15-இலிருந்து 9-க்கு விழுந்து அங்கேயே கிடந்து துடித்தது. எஞ்சின் திணறத் தொடங்கியது. "விடு" என்றேன். முள் ஏறியது, எஞ்சின் சீரானது. "அப்பா, மிதிச்சா இங்க கீழ உஸ்ஸுன்னு கேக்குது" என்றாள். பாம்பு சீறுவது போல, பெடலுக்கு மேலே. இத்தனை நாள் எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காதது அவளுக்கு உடனே கேட்டது.

பிரேக் சேர்வோ. எல்லாப் பழைய லாண்ட் றோவரிலும் அது இருக்காது, என்னுடையதில் உண்டு. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கடன் வாங்கி, காலின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் உருண்டை டப்பா அது. உள்ளே பெரிய ரப்பர் தட்டு. பெடலை விட்டிருக்கும்போது தட்டின் இரண்டு பக்கமும் வெற்றிடம். அப்போது ரப்பர் கிழிந்திருந்தாலும் கசிய ஒன்றுமில்லை. மிதித்தால் ஒரு பக்கம் வெளிக்காற்று புகும். ரப்பர் முழுதாக இருந்தால் அந்தக் காற்று தட்டைத் தள்ளும். முள் ஒரு நொடி விழுந்து எழும். கிழிந்திருந்தால் காற்று ஓட்டை வழியாக நேரே எஞ்சினுக்குள் ஓடும். கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவை நீர்த்துப்போகும். ஐட்லிங்கில் எஞ்சினுக்கு அதைத் தாங்க வலுவில்லை.

சந்தேகம் மிச்சம் இருக்கக்கூடாது என்று சேர்வோ ஹோஸைக் கழற்றி மேனிபோல்ட் வாயை அடைத்தேன். மகள் மறுபடி மிதித்தாள். முள் 15-ஐ விட்டு இறங்கவில்லை. அவ்வளவுதான் தேடல்.

ஆனால் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. எஞ்சின் நடுங்குகிறது என்று எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அது சொல்லிக்கொண்டிருந்தது பிரேக்கைப் பற்றி. சில மாதங்களாக பெடல் கனத்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்ததால் கால் பழகிவிட்டது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆள் நிறைந்த வண்டி. கினிகத்தேனை வரை ஒரே இறக்கம். போன வருஷம் ஐட்லிங்கைக் கூட்டியபோது, இந்த எச்சரிக்கையின் வாயைத்தான் அடைத்திருக்கிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

பாஸும் நானும் சேர்வோவைக் கழற்றினோம். சாய்த்ததும் உள்ளேயிருந்து பிரேக் ஒயில் அரைக் கோப்பை அளவு கொட்டியது. பாஸ் விரலில் தொட்டு என்னிடம் காட்டினார். "ரப்பர் தானாக் கிழியல தம்பி. இது தின்னிருக்கு." மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் தேய்ந்து, ஒயில் வெளியே சொட்டாமல் சேர்வோவுக்குள் கசிந்திருக்கிறது. இந்த வருஷம் இரண்டு தரம் ஒயில் குறைந்து ஊற்றினேன். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லையே என்று விட்டுவிட்டேன். குறைந்தது எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டும்.

சேர்வோவை மட்டும் மாற்றியிருந்தால் புது ரப்பரையும் அந்த ஒயில் தின்றிருக்கும். காரணத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் எட்டிப் பிடித்தால்தான் வேலை முடிகிறது.

ஜூன் 21, சனி

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தேன். வேறு வண்டியில் கழற்றிய பழைய சேர்வோ பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கவில்லை. கதவு, பம்பர் என்றால் அங்கே பழையதுதான் தேடுவேன். பிரேக்கில் அது கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சேர்வோ, மாஸ்டர் சிலிண்டர் இரண்டும் புதிது. பூட்டி, லைனில் காற்றை முழுக்க எடுத்தோம். மிதித்தால் முள் ஒரு துள்ளல் துள்ளி 15-க்குத் திரும்புகிறது. ஐட்லிங் ஸ்க்ரூ இறக்கிய இடத்திலேயே இருக்கிறது.

ஜூன் 28, சனி

இன்று அந்தத் தாயையும் பிள்ளையையும் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். புறப்படும் முன் மகளை மறுபடி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். தினம் காலையில் செய்ய வேண்டிய சோதனையைச் சொல்லிக்கொடுத்தேன்: எஞ்சின் ஓடாதபோது பெடலை நாலைந்து தரம் மிதி, கெட்டியானதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணு, பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது, யார் வந்து கதவைத் தட்டினாலும்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. இரண்டு பேரும் பேசாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எறங்குதுப்பா" என்றாள்.