வந்து போன நாட்களின் கணக்கு

ஜூலை 6

கனடாவில் இருக்கும் தங்கை மகள் இரவு பேசினாள். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "மாமா, அம்மாவுக்கு முடியாம இருந்தப்போ நான் வந்து போன தேதியெல்லாம் சரியா வேணும். பாஸ்போர்ட்டுல ஒரு முத்திரை அழிஞ்சு கெடக்கு. உங்க டைரியில எழுதியிருப்பீங்கல்ல?" என்றாள். எழுதியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்த காலத்தில் தொற்றிய பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

சட்டத்தை அவளே விளக்கினாள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசி ஆவதற்கு முன் படிப்புக்காகவோ வேலைக்காகவோ அங்கே தங்கிய ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் சேரும். அப்படிச் சேர்வதும் 365 நாளுக்கு மேல் போகாது. நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுத வேண்டும். ஒரத்தநாட்டுப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்து தாயின் கட்டிலருகே அவள் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் கழித்தல் பக்கத்தில் வருகின்றன.

ஜூலை 9

புது ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. கீழத்தெருப் பெண்கள் குறுவை நடவில் இருக்கிறார்கள். நான் திண்ணையில் பழைய நாட்குறிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தேதிகளைத் தேடினேன். திருச்சி விமான நிலையத்துக்கு அவளை அழைக்கப் போனது, கொண்டுபோய் விட்டது, கருமாதிக்கு மறுநாள் கிளம்பியது எல்லாம் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினேன்.

மற்ற நாடுகளும் இப்படித்தான் நாளை எண்ணுகின்றன. பிரிட்டனில் பொது விதிப்படி ஐந்து ஆண்டுகளில் 450 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கடைசி ஓராண்டில் 90 நாள்தான். ஆஸ்திரேலியாவில் நான்காண்டு வசிப்புக்குள் மொத்தம் பன்னிரண்டு மாதம் வரை வெளியே போகலாம்; கடைசி ஓராண்டில் அங்கும் 90 நாள். இவற்றில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எத்தனை நாள் என்பது முன்கூட்டியே தெரிகிறது. கேட்கும் சான்றும் கேட்கப்படுபவரின் கையிலேயே இருக்கிறது: பாஸ்போர்ட், வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு. எண்ணியதில் தகராறு வந்தாலும் எண்ணிக் காட்ட வழியிருக்கிறது. அந்த வழி இல்லாதவர்களை நினைத்துத்தான் இரவு தூக்கம் வரவில்லை.

ஜூலை 13

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இருப்பிடச் சான்றுக்காக ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். குடும்ப அட்டை உள்ளவருக்கு ஒரு நிமிட வேலை. கஷ்டம் மற்றவர்களுக்குத்தான். வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டவர், களத்துமேட்டில் குடியிருந்த விவசாயக் கூலி, பிழைக்கப் போய்த் திரும்பியவர், கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண் ஆகியோர் பெயரில் மின் ரசீதும் இருக்காது, வரி ரசீதும் இருக்காது. அவர்களுக்காகத் தெருவில் இறங்கி விசாரித்தேன். அடுத்த வீட்டார், மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி வட்டாட்சியருக்கு அனுப்பினேன்.

இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது 1971-ம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையார் மனையில் இருந்தவர்களிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? அவர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்பதே உரிமைக்கு ஆதாரமாயிற்று. ஒருவர் ஓரிடத்தில் வாழ்ந்தாரா என்பதை அவரோடு வாழ்ந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உத்தியோக காலம் முழுவதும் நான் நம்பியது அதைத்தான்.

ஜூலை 19

கந்தர்வக்கோட்டையில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து நிலமில்லாதவர்கள் கங்காணி பின்னால் மண்டபம் போய், கடல் தாண்டி மலையேறிய கதை எங்கள் குடும்பத்திலும் உண்டு.

"எங்க அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டாரு தம்பி. எந்த வருசத்துலேருந்து இருக்கேன்னு காட்டுன்னாங்க. அவருக்குப் பெரட்டுக்களம் தெரியும், கொழுந்து தெரியும். பேர் போட்ட புத்தகம் ஆபீசுல தொரைகிட்டல்ல இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது இலங்கைக் குடியுரிமைச் சட்டங்களின் நடுப்புள்ளி. 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ தகப்பன் வழி முன்னோரோ அந்த மண்ணில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. அதில் தேறாதவர்களுக்கென 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. திருமணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு ஆண்டும், தனியாளாக இருப்பவர் பத்து ஆண்டும் இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்ப நாள் வரையிலும் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவி மக்களின் வசிப்பையும் காட்ட வேண்டும்.

1951-ல் விண்ணப்பம் எழுதிய தனியாள் 1936-ம் ஆண்டில் எந்த லயத்தில் இருந்தார் என்று நிறுவ வேண்டியிருந்தது. செக்ரோல் என்ற அந்தப் பெயர்ப் புத்தகம் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. தோட்டம் கைமாறினால் பழைய புத்தகம் என்னவாயிற்று என்று தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? வாழ்ந்தது அவர்; எழுதி வைத்தது வேறொருவர்.

ஜூலை 24

பெரியம்மா சொன்ன இன்னொரு செய்தி மனத்தைவிட்டு அகலவில்லை. அவருடைய சித்தப்பா ஊரில் தாயாரின் காரியத்துக்கு வந்தவர், நினைத்த நாளில் திரும்பிப் போக முடியவில்லையாம். 1939-ல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போகத் தடை விதித்தது. அதன் பிறகு போர் வந்தது. ஊருக்கு வந்தவர் மறுபடியும் கப்பலேறுவது கடினமாயிற்று. அரசு போட்ட தடையாலும் போராலும் நீண்ட அந்த மாதங்களும் சட்டத்தின் கண்ணில் அவர் இல்லாதிருந்த மாதங்கள்தான்.

இலங்கையில் வாக்குரிமை விவாதம் தொடங்கிய 1920-களின் கடைசியிலிருந்தே, இவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், வந்து போகிறார்கள், நிலையான பற்று இல்லாதவர்கள் என்ற வாதம் ஓயாமல் ஒலித்தது. 1931-க்குப் பின் வாக்காளர் ஆவதற்கே நிலையாகக் குடியேறியதற்கான சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. தாயின் காரியத்துக்கு வருவதும், தங்கை கல்யாணத்துக்கு மணியார்டர் அனுப்புவதும் ஒரு மனிதனின் நல்ல குணங்கள். அவற்றையே இன்னொரு நாட்டின்மேல் பற்றில்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்தினார்கள். கொழுந்து பறித்து அந்த நாட்டையே நிமிர்த்திய உழைப்பு பற்றின் கணக்கில் வரவில்லை. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. இன்று பெரியம்மாவின் உறவினர் குடும்பத்தைப் பார்க்கத் திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமுக்குப் போனேன். அவர்களும் மலையகத்தவர்களே; இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்கள். முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். வந்தபோது வாலிபராக இருந்தவர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

"ஐயா, நாப்பது வருசமா எங்களைப் பேர் கூப்பிட்டு எண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. கையெழுத்து வாங்காம ஒரு மாசம்கூடப் பணம் குடுத்ததில்ல. நாங்க இங்கதான் இருந்தோம்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டார்.

வசிப்புச் சான்று என்று பார்த்தால் இந்தியாவில் இவர்களைப் போல் முழுமையாக வைத்திருப்பவர்கள் குறைவு. எங்கள் ஊர்க்காரர் எவருடைய நாற்பது ஆண்டும் அரசுப் பதிவேட்டில் மாதவாரியாக இல்லை. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பொதுவான வழியில் கேட்பது, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதமும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் பதினோரு ஆண்டும் வசித்திருப்பது. அதைப் போல மூன்று மடங்கு இவர்களிடம் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்ததால் 2003-ம் ஆண்டுத் திருத்தப்படி இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். அந்த ஒரு சொல் விழுந்ததும் எத்தனை ஆண்டு வசித்தாலும் கணக்கில் சேராது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

வாசல் முழுக்க அடைபட்டுவிடவும் இல்லை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமிலிருக்கும் இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற விதியும் உண்டு. அதைக் காட்டி, மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த கொட்டப்பட்டுப் பெண் ஒருவர் 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அவர் கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. இரண்டு வருடம் தள்ளிப் பிறந்த தம்பி தங்கைகளுக்கு அந்த வழி கிடையாது.

ஆகஸ்ட் 5

1951-ல் இதே நாளில்தான் இலங்கையில் 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் விண்ணப்பக் காலம் முடிந்தது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றுக்குள் சுமார் 8,25,000 பேர். பத்தாண்டுக்கு மேல் பரிசீலித்துக் குடியுரிமை கொடுத்தது சுமார் 1,34,000 பேருக்கு. விண்ணப்பித்தவர், விண்ணப்பிக்காதவர் என்று குடியுரிமை இல்லாதிருந்த எல்லோரையும் 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1,50,000 பேர். அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விளைந்த நெல்லைக் களத்தில் மரக்கால் போட்டு அளப்பது போல மனிதர்களை அளந்தார்கள். அந்த அளவையில் வந்தவர்தான் பெரியம்மா. அவருடைய அக்கா இன்னொரு குவியலில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 9

இதே இலங்கை பிற்பாடு வேறொரு வழியையும் காட்டியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழிவந்தவர்களும் குடியுரிமை பெறலாம் என்று 2003-ல் சட்டம் வந்தது. துரையின் பழைய புத்தகத்தை யாரும் கேட்கவில்லை; வசித்தவரின் உறுதிமொழியே பெரிதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் தோட்டம் தோட்டமாக முகாம் நடத்தின. பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடிமக்கள் ஆனார்கள். போரால் இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களின் வெளிநாட்டு வாசம் தடையாகாதபடி 2009-ல் அதைத் திருத்தினார்கள்.

பத்தாண்டுக்கு மேல் முடியாதது பத்து நாளில் முடிந்தது. மாறியது கேட்ட கேள்வி. "நீ இல்லாத நாட்களைச் சொல்" என்று அரை நூற்றாண்டுக்கு முன் கேட்டவர்கள், "நீ இங்கேதானே வாழ்கிறாய்" என்று கேட்டார்கள். எந்த நாடும் இதனால் மூழ்கிவிடவில்லை.

ஆகஸ்ட் 12

தங்கை மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். தாயோடு இருந்த நாட்களைக் கழித்த பிறகும் 1,095-ஐத் தாண்டிவிட்டது. "நாள் பத்தலைன்னாலும் நான் வந்திருப்பேன் மாமா" என்றாள். அவள் வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் குடிமகளாகப் பெறும் நாடு கொடுத்துவைத்தது.

கொட்டப்பட்டுக் குடும்பத்துக்காக நாளை முதல் என் வேலை தொடங்குகிறது. முகாம் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மருத்துவமனைப் பிறப்புப் பதிவு, பெரியம்மாவிடம் உள்ள பழைய தோட்டத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, வழக்கறிஞரிடம் நானே எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாடு வசிப்புக்குச் சான்று கேட்கட்டும். அது அதன் உரிமை. ஆனால் கேட்கப்படும் மனிதரின் கைக்கு எட்டக்கூடிய சான்றையே அது கேட்க வேண்டும். தானே எழுதி வைத்த பதிவேட்டைத் தானே மறுக்கக் கூடாது. பெற்றவளைப் பார்க்கப் போன நாளைப் பற்றின்மை என்று எழுதக் கூடாது. உத்தியோகத்தில் இருந்தபோது தெருத்தெருவாக விசாரித்து நான் எழுதிய வாக்கியம் ஒன்றுதான்: மனுதாரர் மேற்படி முகவரியில் வசித்து வருவது உண்மை. கொட்டப்பட்டில் பிறந்து வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நாடு அதை எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.