துருவைச் சுரண்டிய கைகள்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, "பாம்பன் ரயில் பாலம் பற்றி எழுதுகிறேன்" என்றேன். "அதுதான் எல்லாருக்கும் தெரியுமேடா, வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்று சிரித்தான். தெரியும்தான். ஆனால் நான் அந்தப் பாலத்தைப் பார்க்கப் போனதற்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

எங்கள் ஊர் காட்டுப்பள்ளி. 2024 கோடை விடுமுறையில் ஊருக்கு அருகே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வெல்டிங் கற்றுக்கொள்ளலாம் என்ற கனவோடு போனவன் கையில் ஒயர் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். ஒரு பழைய இரும்பு ஏணியின் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். 'இதுக்கா மெக்கானிக்கல் டிப்ளமோ படிச்சோம்?' என்று எனக்குள் ஒரே எரிச்சல். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் சுரண்டினேன். அடிப்பக்கத்தில் துருவின் மேலேயே பெயின்டை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது ஃபோர்மேன் கூப்பிட்டார். அடிப்பக்கத்துப் பெயின்ட் அப்பளம் போல உப்பிக் கிடந்தது. விரலால் தட்டினார்; பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் திட்டவில்லை. "தம்பி, உப்புக்காத்து பெயின்டப் பாத்து ஏமாறாதுப்பா. நீதான் ஏமாந்துட்ட. கடலுக்கு நடுவுல பாம்பன் பாலம் நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சே, எப்படின்னு ஒரு தடவ போய்ப் பாரு" என்றார்.

2025 மே மாதம்தான் போக முடிந்தது. சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரயில் பாலங்கள். ஒன்று பளபளக்கும் புதுசு. இன்னொன்று ஓய்வு பெற்ற கிழவர்.

அந்தக் கிழவரின் கதையைச் சொல்கிறேன். முன்பெல்லாம் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல் வழி மிகக் குறைவு. ஆனால் தனுஷ்கோடி இருப்பது தீவில். ரயில் அங்கே போக வேண்டுமானால் கடலைத் தாண்ட வேண்டும். 1911-ல் தென்னிந்திய ரயில்வே வேலையைத் தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் பாலத்தைத் திறந்தது. ரயில்வேக்காரர்கள் இதை 'பாம்பன் வயடக்ட்' என்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நாற்பது அடி இடைவெளியில் 145 கண்கள். நடுவே கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பாலம்.

இந்தத் தூக்குப் பாலம்தான் நம் பாடம்! அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் கண்ட முறை அது. பாலத்தின் இரண்டு இலைகளும் கீல் போட்ட கதவு மாதிரித் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் அடியும் சாய்வு நாற்காலியின் கால் போல வளைந்திருக்கும். அந்த வளைவில் உருண்டு பின்னால் சாயும்போது முனை மேலே எழும்பும். பின்பக்கத்துக் கவுன்டர் வெயிட் இலையின் எடையைச் சமன் செய்துவிடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் லீவரைத் தள்ளிச் சுற்றினாலே அவ்வளவு பெரிய இரும்பு எழுந்து நின்றது. மோட்டார் இல்லை, மனிதக் கை மட்டும்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு கடலுக்குள் போனது. பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பாலம் மட்டும் தப்பி நின்றது. சீரமைக்க ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி, மேலே தூக்கி, மறுபடி தூண்களின் மேல் வைத்தார்கள். 46 நாளில் வேலை முடிந்தது! பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். ரயில்வேயில் சேருமுன் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் சிவில் பாடம் நடத்தியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் நண்பர்களே, அந்த 46 நாளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மற்ற நாட்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பாம்பனில் டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். லைனில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "புயல் எப்பவோ ஒரு தடவதான் வரும் தம்பி. உப்பு தெனமும் வருமே! பெயின்ட் அடிச்சு முடிச்சுத் திரும்பிப் பாத்தா, ஆரம்பிச்ச எடத்துல துரு நிக்கும். மறுபடி சுரண்டு, மறுபடி அடி. அதுதான் எங்க பொழப்பு" என்றார். கீழே கடல், மேலே காற்று. மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலுக்கே சிவப்பு சிக்னல் விழும் இடம் அது. அங்கே தொங்கிக்கொண்டு கர்டரின் அடிப்பக்கத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். அந்த அடிப்பக்கத்தை எந்தப் பயணி பார்த்தான்? எனக்கு என் ஏணி ஞாபகம் வந்தது. டீ தொண்டையில் இறங்கவில்லை.

2007-ல் அந்தப் பாலத்தையே பலப்படுத்தி அகலப்பாதை ரயில் விட்டார்கள். 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தும் வரை, 108 ஆண்டுகள் அது சுமந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. துருப்பிடிக்காத கம்பிகள், விசேஷப் பூச்சு எல்லாம் உண்டு. நல்லதுதான். ஆனாலும் ஒருவன் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவன் பெரும்பாலும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரனாகவோ, நமக்குக் கீழே வேலை பார்க்கிற ஒரு தொழிலாளியாகவோதான் இருப்பான்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "என்னப்பா, சர்ட்டிபிகேட் வேணுமா?" என்றார் ஃபோர்மேன். "இல்லண்ணே, ஒயர் பிரஷ் வேணும்" என்றேன்.

அந்த ஏணியின் அடிப்பக்கத்தை இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினேன். இரண்டு நாள் ஆயிற்று.